கொழும்புக்குப் போகுமுன் கொஞ்சம் சிங்களம்



கல்முனையிலிருந்தோ மூதூரிலிருந்தோ இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் கொழும்பில் வந்திறங்கும் நம் பெண்களின் பையில் என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே உறை, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், மடித்து வைத்த முசல்லா, பிள்ளைக்கு மாற்றுடுப்பு, தங்கப் போகும் வெள்ளவத்தை அறையின் விலாசமோ கொட்டாஞ்சேனை உறவினர் வீட்டுத் தொலைபேசி இலக்கமோ எழுதிய ஒரு துண்டு. எல்லாம் இருக்கும். அங்கே போய்ப் பேசுவதற்கு நாலு வார்த்தை மட்டும் இருக்காது.

"அதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பதுதான் வழமையான பதில். அவர் கட்டாரில் வேலையில் இருந்தால்? கூடவே வந்திருந்தாலும், தாயும் பிள்ளையும் இருக்கும் வாட்டுக்குள் ஆண்களை விடாத நேரமென்றால்? அப்போது தாதியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தைச் சமையலுக்கும் தையலுக்கும் விடாமல், கொழும்பில் கைகொடுக்கும் சிங்களத்துக்கு ஒதுக்குகிறோம். கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் பிறந்து வளர்ந்த சகோதரிகளுக்கு இது தேவைப்படாது. அவர்கள் இதை ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

வெள்ளவத்தையில் காலி வீதியின் இருபுறமும் தமிழிலேயே வாழ்ந்துவிடலாம். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். புடவைக் கடை, பலசரக்கு, பாமசி எங்கும் தமிழ் கேட்கும். அதனால் வந்த முதல் நாள் ஒரு தைரியம் பிறக்கும். மறுநாள் காலை பொரளையிலுள்ள லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ, மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போய் வரிசையில் நின்றதும் அந்தத் தைரியம் கரைந்துவிடும். தமிழ் தெரிந்த டொக்டர்மாரும் தாதியரும் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் நம் முறை வரும் நேரத்தில் அவர்தான் அந்தக் கதிரையில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு திறப்பைத் தருகிறேன். சிங்களத்தில் மரியாதையாக ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, சொல்லின் முடிவில் பெரும்பாலும் "ன்ன" என்று வரும். கியன்ன என்றால் சொல்லுங்கள். தென்ன என்றால் தாருங்கள். கன்ன என்றால் எடுங்கள். பலன்ன என்றால் பாருங்கள். யன்ன என்றால் போங்கள். இன்ன என்றால் இருங்கள், பொறுங்கள். வாடிவென்ன என்றால் உட்காருங்கள். இவ்வளவும் தெரிந்தாலே தாதி சொல்வதில் பாதி விளங்கிவிடும்.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் நம்மைத் தடுக்கி விழுத்தும். "என்ன" என்றால் சிங்களத்தில் "வாருங்கள்". தாதி நம்மைப் பார்த்து "என்ன, என்ன" என்பார். நாமோ, ஏதோ கேட்கிறார் என்று நினைத்து "ஒண்டுமில்லை" என்று நின்ற இடத்திலேயே நிற்போம். அவர் இன்னும் சத்தமாக "என்ன!" என்பார். நமக்கு முகம் சுண்டிவிடும். அவர் கோபிக்கவில்லை சகோதரிகளே, வரச் சொல்லுகிறார்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் எழுத்தில் ஒரே "ப"தான் இருக்கிறது. சிங்களத்தில் "பஸ்" என்பதில் வரும் தடித்த ப வேறு, "பள்ளி" என்பதில் வரும் மெல்லிய ப வேறு. வயிற்றைக் குறிக்கும் "பட" என்ற சொல்லுக்கு பஸ்ஸின் ப வர வேண்டும். மெல்லிய ப போட்டால் சபையில் சொல்லக்கூடாத சொல்லாகிவிடும், அவ்வளவுதான் சொல்வேன். அதேபோல் "இல்லை" என்பதற்கான "நே", "முடியாது" என்பதற்கான "பே" இரண்டையும் "பேக்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வாய் விரிவதுபோல் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த "பே"க்கும் பஸ்ஸின் ப தான். "ஒவ்" என்றால் ஆம். "ஓனெ" என்றால் வேண்டும், "எபா" என்றால் வேண்டாம். "புளுவன்" என்றால் முடியும்.

இனி ஆஸ்பத்திரி. வலி என்பதற்கு "ரிதெனவா" என்ற ஒரே சொல் போதும். அதற்கு முன்னால் இடத்தைச் சொல்லுங்கள். பட ரிதெனவா, வயிறு வலிக்கிறது. ஒலுவ ரிதெனவா, தலை வலிக்கிறது. பபுவ ரிதெனவா, நெஞ்சு வலிக்கிறது. காய்ச்சலுக்கு "உண" என்பார்கள். "உண தியெனவத?" என்று கேட்டால் பிள்ளை உண்டதா என்று கேட்கவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இதற்கு "ஒவ், சாப்பிட்டான்" என்ற அர்த்தத்தில் தலையாட்டி வைத்தால், கிளினிக் கொப்பியில் இல்லாத காய்ச்சல் ஏறிவிடும். இருமல் கெஸ்ஸ, வாந்தி வமனெ, இரத்தம் லே. பிள்ளைக்கு "லமயா" என்று பெயர்.

இந்த ஒரு வசனத்தை மட்டும் எல்லோரும் மனனம் செய்துகொள்ளுங்கள்: "மிஸ், லமயட்ட ஹுஸ்ம கன்ன அமாருயி." பிள்ளைக்கு மூச்செடுக்கக் கஷ்டமாயிருக்கிறது என்று பொருள். இதைச் சொல்லத் தெரியாமல் வரிசையில் காத்து நிற்கக் கூடாது. நடு இரவில் வீட்டிலேயே இப்படியானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது கட்டணமில்லாத சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2016இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

தாதியரை "மிஸ்" என்றே எல்லோரும் அழைக்கிறார்கள், நீங்களும் அப்படியே அழையுங்கள். வாட்டில் வேலை செய்யும் பெண்களை அக்கா என்றால் போதும், அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். வயதில் இளையவர் என்றால் நங்கி. பெண் டொக்டர்தான் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "லேடி டொக்டர் கெனெக் இன்னவத?" இருந்தால் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள்.

உறவுமுறையில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் மூத்த சகோதரியைத் தாத்தா என்கிறோம். தமிழ்ச் சகோதரர்களுக்குத் தாத்தா என்றால் பாட்டன். சிங்களத்திலோ தாத்தா என்றால் தகப்பன். "தாத்தா கோ?" என்று தாதி கேட்டால் பிள்ளையின் வாப்பா எங்கே என்று அர்த்தம். வெளியே வாங்கில் இருக்கும் உங்கள் தாத்தாவைக் கைகாட்டினால், தாதி அங்கே ஒரு ஆணைத் தேடிக்கொண்டிருப்பார்! சிரிப்புக்குரிய விஷயம்தான். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் நேரத்தில் இந்தக் குழப்பம் நல்லதல்ல. வாப்பா வெளிநாட்டிலென்றால் "தாத்தா ரட்ட" என்று சொல்லுங்கள், விளங்கிவிடும்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்பது என் எண்ணம். அங்கே அவசரம், சத்தம், பின்னால் நிற்பவர் தள்ளுவார். மூன்று சொற்களை அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். உதே என்றால் காலை, தவல் என்றால் பகல், ரே என்றால் இரவு. "உதேட்ட எக்கயி, ரேட்ட எக்கயி" என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. "பாகயக்" என்றால் அரைக் குளிசை. நாம் கேட்க வேண்டியது: "கேமட்ட கலின்த, பஸ்ஸெத?" சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது இதன் பொருள். பதில் விளங்காவிட்டால் உறையை நீட்டி "தெமளென் லியலா தென்ன" என்று கேளுங்கள், தமிழில் எழுதித் தாருங்கள் என்று. எழுதத் தெரியாவிட்டாலும் ஒரு சூரியனையும் நிலாவையும் கீறித் தருவார்கள், அதுவும் நல்லதே.

எண்களை ஒன்று முதல் பத்துவரை சொல்லிப் பழகுங்கள்: எக்க, தெக்க, துன, ஹதர, பஹ, ஹய, ஹத, அட்ட, நமய, தஹய. இதில் ஹதர என்பது நாலு, ஹத என்பது ஏழு. கிளினிக்கில் இலக்கம் கூப்பிடும்போது இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டு முறையைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இருபது விஸ்ஸ, முப்பது திஹ, நாற்பது ஹதளிஹ, ஐம்பது பனஹ, நூறு சீய. காது பிடிபடும்வரை உங்கள் துண்டைப் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் காட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கம் வந்ததும் அவரே கையில் தட்டுவார். எந்த மொழிக்காரியானாலும் பிள்ளையோடு நிற்பவளுக்குப் பிள்ளையோடு நிற்பவள் உதவுவாள்.

பஸ்ஸுக்கு வருவோம். "மே பஸ் எக்க வெல்லவத்தட்ட யனவத?" இந்த பஸ் வெள்ளவத்தைக்குப் போகுமா? நம் "க்கு" என்பதன் இடத்தில் அங்கே "ட்ட" வருகிறது, இதை வைத்து எந்த ஊரின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் வெள்ளவத்தை வழியாகப் புறக்கோட்டைக்குப் போகின்றன. புறக்கோட்டையிலிருந்து மஹரகமவுக்கு 138. எவ்வளவு என்று கேட்க "கீயத?". மிச்சக் காசுக்கு "இதுரு சல்லி". கொண்டக்டரைத் தம்பி என்ற முறையில் "மல்லி" என்று கூப்பிடலாம். கொத்தமல்லி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இறங்க "மெதன பஹினவா" என்றால் போதும். ஓட்டோவில் ஏறினால் வமட்ட என்பது இடப்பக்கம். "வலம்" போலக் காதில் விழுவதால் வலது என்று நினைத்துவிடாதீர்கள். வலதுக்குத் தகுணட்ட, நேரே போகக் கெளின், நிறுத்த நவத்தன்ன. போனில் வண்டி அழைத்தால் சாரதி எடுத்தவுடன் "கொஹெத இன்னெ?" என்பார். எங்கே நிற்கிறீர்கள் என்று அர்த்தம், பக்கத்திலுள்ள பெரிய கடையின் பெயரைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர்கள்தான் புதியவரை அலைக்கழிக்கின்றன. கொட்டாஞ்சேனை பஸ் பலகையில் கொட்டஹேன. புறக்கோட்டை பிட்டகொட்டுவ. முகத்துவாரம் மோதர. கொம்பனித்தெரு கொம்பஞ்ஞ வீதிய. செட்டியார் தெரு ஹெட்டி வீதிய. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு சிங்களத்தில் அளுத்கடே. இரண்டுக்கும் ஒரே பொருள்தான், புதிய கடை. யாரோ ஒரு மொழியில் வைத்த பெயரை மற்ற மொழிக்காரர் அழகாகத் தன் மொழியில் திருப்பிக்கொண்டிருக்கிறார். இதை எந்த அரசாங்கமும் கமிட்டி போட்டுச் செய்யவில்லை.

சாப்பாட்டுக் கடையில் கேட்க வேண்டியவை நமக்குத் தெரியும். ஊரு மஸ் என்பது பன்றி இறைச்சி, ஹரக் மஸ் மாட்டிறைச்சி, குகுல் மஸ் கோழி. "ஊரு" என்ற சொல்லைக் கேட்டு ஊர்க்கோழி ஏதோ என்று எண்ணிவிடக் கூடாது! பள்ளிவாசலைக் கேட்கும்போதும் கவனம். நாம் பள்ளி என்போம், சிங்களத்தில் "பள்ளிய" என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிறிஸ்தவ ஆலயம். கொட்டாஞ்சேனையில் நின்று "பள்ளிய கொஹெத?" என்றால் புனித லூசியா பேராலயத்துக்கு நல்ல மனதோடு வழிகாட்டிவிடுவார்கள். வெள்ளவத்தையில் புனித லோரன்ஸ் ஆலயம் இருக்கிறது. "முஸ்லிம் பள்ளிய கொஹெத?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

தயவு காட்டிக் கேட்பது எப்படி என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். சிங்களம் படிப்பிக்கும் சிறு புத்தகங்களில் "கருணாகர" என்று போட்டிருப்பார்கள். அது அறிவித்தல் பலகைக்குரிய சொல். பேச்சில் அந்த வேலையைச் செய்வது "பொட்டக்". கொஞ்சம் என்று அர்த்தம், நாம் "ஒருக்கா" என்று சொல்வதுபோல. பொட்டக் கியன்ன, ஒருக்காச் சொல்லுங்கள். பொட்டக் பலன்ன, ஒருக்காப் பாருங்கள். விளங்காதபோது "மட்ட சிங்ஹல தேரென்னெ நே", எனக்குச் சிங்களம் விளங்காது. "ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள். "தெமள புளுவன் கெனெக் இன்னவத?", தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா?

இவற்றைச் சொல்வதில் வெட்கம் எதற்கு? பிலிப்பைன்ஸிலுள்ள செபு தீவுக்குச் சுற்றுலா போகிறவர், அங்குள்ள மொழியில் நன்றி சொல்ல "சலாமத்" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போனாலே மக்கள் மகிழ்ந்து உபசரிப்பார்கள். (அந்தச் சொல் நம் ஸலாமைத் தந்த அரபு வேரிலிருந்து மலாய் வழியாக அங்கே போனது என்பது வேறு விஷயம்.) வெளிநாட்டில் மொழி தெரியாதவர் விருந்தாளி. சொந்த நாட்டுத் தலைநகரில் மொழி தெரியாத தாய் மட்டும் படிப்பறிவில்லாதவளாகப் பார்க்கப்படுகிறாள். க.பொ.த. உயர்தரம் தமிழில் சித்தியடைந்தவளும் அந்த ஜன்னலின் முன் அப்படித்தான் பார்க்கப்படுகிறாள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் அதற்கு மேலும் உருவம் கொடுத்தது. அது நடைமுறையாகிறதா என்று பார்க்கவும் முறைப்பாடுகளை விசாரிக்கவும் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2007 முதல் அரச சேவையில் புதிதாகச் சேருகிறவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென்ற விதியும் வந்தது. வெள்ளவத்தை அடங்கிய திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆக, தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல.

சட்டம் கடதாசியில் இருக்கிறது, கடமையிலிருக்கும் எழுதுவினைஞர் ஜன்னலில் இருக்கிறார். இரண்டுக்கும் இடையில் நிற்கும் பெண்ணுக்கு, இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமான வசனம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவமோ, பொலிஸில் கொடுத்த வாக்குமூலமோ, வாடகை ஒப்பந்தமோ, சிங்களத்தில் எழுதியதை நீட்டி "அத்ஸன் கரன்ன" என்பார்கள். கையெழுத்திடுங்கள் என்று அர்த்தம். உடனே பேனாவை எடுக்காதீர்கள். "மேகெ மொகக்த லியலா தியென்னெ?" இதில் என்ன எழுதியிருக்கிறது? "அத்ஸன் கரன்ன கலின் தெமளென் கியலா தென்ன." கையெழுத்திடுமுன் தமிழில் சொல்லித் தாருங்கள். அவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

வெளிநாடு போகும் சகோதரிகள் இதை இரண்டு முறை வாசியுங்கள். மூதூர் ரிஸானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு வேலைக்குப் போனபோது அவருக்கு 17 வயதுதான். குழந்தை இறந்த வழக்கில் அவரிடம் எடுத்த வாக்குமூலம் தமிழுக்கும் அரபுக்கும் இடையே சரியாகப் பெயர்க்கப்படவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. குர்ஆனை ஓதத் தெரிந்த பிள்ளைக்கும் விசாரணை அறையின் அரபு அந்நிய மொழிதான்.

வீட்டில் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பெரும்பாலான தமிழ்மொழிப் பாடசாலைகளில் பிள்ளைகள் இப்போது இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். அஸருக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையை ஆசிரியராக்குங்கள். நீங்கள் நோயாளி, அவர் மிஸ். உம்மாவைத் திருத்தும் சந்தர்ப்பத்தை எந்தப் பிள்ளையும் விடாது. முதலில் "பட"வும் "என்ன"வும் சரியாக வரட்டும், மற்றவை தானாக வரும். பயணத்துக்கு முன் பிள்ளையைக் கொண்டே சிங்கள எழுத்தில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து இருந்தால் அது, இவற்றை ஒரு துண்டில் எழுதுவித்து கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

வாட்டிலிருந்து துண்டு வெட்டிப் புறப்படும்போது சொல்ல ஒன்று பாக்கியிருக்கிறது. நம்மைப் போலவே சிங்களவர்களும் விடைபெறும்போது "போகிறேன்" என்பதில்லை. "கிஹின் என்னம்" என்பார்கள். போய்விட்டு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இதைச் சொன்னால் மட்டும் சில தாதியர் சிரித்துக்கொண்டே, "என்ன எபா!" என்பார்கள். இங்கே திரும்பி வர வேண்டாம் என்று பொருள். அது துஆ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.